ஆவரேஜ் என்ற சொல்லும் நான் வெட்டிய வரம்பும்

இதை எழுதாமல் இருப்பதற்கு எனக்கு எட்டு வருடம் கிடைத்தது. அந்த எட்டு வருடத்தில் ஒரு நாளைக்கூட நான் வீணாக்கவில்லை.

இந்தப் பத்திரிகைத் தொடரில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி ஏமாந்த கதையை எழுதினேன். கல்யாணம் முடித்துப் பெண் வீட்டில் குடியேறிய முதல் கிழமை, குசினிக்குப் போகிற கதவு என்று நினைத்து மாமியின் அறைக்குள் நுழைந்ததை எழுதினேன். கடைசியாகக் கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்பு வலையைப் பற்றிக்கூட எழுதினேன். ஒவ்வொரு முறை பேனையைத் தூக்கும்போதும் இந்த விசயம் முன்னால் வந்து நிற்கும். கொஞ்சம் பொறு, உனக்கும் ஒரு கிழமை வரும் என்று அதை ஓரமாக இருத்திவிட்டு, நுளம்பு வலைக்குப் போய்விடுவேன்.

இன்று பிஸ்மி சொல்லித் தொடங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். வயலும், வயல் இல்லாத மாதங்களில் ஆட்டோவும்தான் என் தொழில். எழுத்துப் பிழை இருந்தால் இதை டைப் பண்ணும் மகள் திருத்திவிடுவாள். மற்றப் பிழைக்கு நான்தான் பொறுப்பு.

நடந்து நடந்து படிக்கிற பிள்ளை

அது அஸர் தொழுதுவிட்டு வந்து சாரனோடு கதிரையில் சாய்ந்த நேரம். கடல் காற்று வாசலால் புகுந்து பின்பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. மனைவி ஹாஜரா குசினியில் கீரி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மகள் சிபானா ஹோலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சிபானா ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறாள். ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அவளுக்கு இருந்து படித்தால் மண்டையில் ஏறாது. நடக்க வேண்டும். அந்தப் பரீட்சைக்காக அவள் நடந்த தூரத்தை நேராக நடந்திருந்தால் பொத்துவிலுக்குப் போய்த் திரும்பியிருப்பாள்.

அவள் சொல்லச் சொல்லப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிழை பார்ப்பது என் வேலை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பொருள் விளங்காது. அதனால்தான் என்னைப் பிடித்தாளாம். பொருள் விளங்கிய ஆள் இடையில் எடுத்துக் கொடுத்துவிடுவாராம். விளங்காத ஆள்தான் நேர்மையான பரிசோதகர் என்றாள். வாழ்க்கையில் என் படிப்பைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அன்று பக்கத்தின் தலையில் இருந்த சொல் ஆவரேஜ். எழுத்துக்கூட்டி முடித்ததும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இது என் வீட்டுச் சொல். கிரிக்கெட்டில் கேட்ட சொல். வயலில் ஏக்கருக்கு ஆவரேஜ் எத்தனை மூடை என்று ஒவ்வொரு போகமும் கதைக்கிற சொல். சிபானாவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்த தரகர், மாப்பிள்ளை நிறம் எப்படி என்று ஹாஜரா கேட்டதற்கு, கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துவிட்டு, “ஆவரேஜ்” என்றார். பிறகு போட்டோவைப் பார்த்த ஹாஜரா, தரகர் நல்ல மனுசன், பொய் சொல்லத் தெரியாது என்றாள்.

எனவே, இது எனக்குத் தெரியும், சராசரி என்று நான் முந்திச் சொல்லிவிட்டேன்.

சிபானா நடையை நிறுத்தினாள்.

“அது கடைசியா வந்த பொருள் வாப்பா. முதல்ல அந்தச் சொல்லுக்கு நட்டம் எண்டுதான் பொருள். கப்பல்ல வாற நட்டம்.”

அவள் படித்ததை எனக்கு விளங்கப்படுத்தினாள். பழைய காலத்துக் கடல் வியாபாரிகளிடம் ‘அவார்’ என்று ஓர் அறபுச் சொல் இருந்ததாம். சரக்கில் ஏற்பட்ட பழுது என்று அர்த்தம். அறபிகளோடு வியாபாரம் செய்த இத்தாலிக்காரர் அதைத் தங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பிரான்சுக்காரர் எடுத்தார்கள், அவர்களிடமிருந்து இங்கிலீசுக்காரர். வேறு மாதிரிச் சொல்லுகிற படிப்பாளிகளும் இருக்கிறார்களாம். அவளுடைய புத்தகத்தில் இப்படித்தான் இருந்தது.

நட்டம் எப்படிச் சராசரி ஆனது என்று கேட்டேன். பல வியாபாரிகளின் சரக்கை ஏற்றிய கப்பல் புயலில் மாட்டுகிறது. பாரத்தைக் குறைத்தால்தான் தப்பும். கையில் அகப்பட்ட ஒருவனுடைய மூடைகளைக் கடலில் எறிகிறார்கள். கப்பல் கரை சேருகிறது. மற்றவர்களின் சரக்குத் தப்பியதே அவனுடைய சரக்கை எறிந்ததால்தான். ஆகவே அவனுடைய நட்டத்தைத் தப்பியவர்கள் எல்லோரும் பங்கு போட்டு ஏற்க வேண்டும். அப்படிப் பங்கு போடுவதற்கு அந்தச் சொல் வழங்கி வழங்கி, எதையும் எல்லோருக்குமாகச் சமப்படுத்திப் பார்ப்பதற்கே ஆவரேஜ் என்று பெயர் வந்துவிட்டது.

“இவ பரீட்சைக்குப் படிக்கிறாவா, வாப்பாக்குக் கத சொல்றாவா?” என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

சோபா வந்த வழி

கதை கேட்பதில் எனக்குப் பைத்தியம். வேறு எந்தச் சொல்லெல்லாம் இப்படிக் கப்பல் ஏறியது என்று கேட்டேன். நான் சாய்ந்திருந்த கதிரையே போர்த்துக்கீசரோடு வந்தது என்றாள். அலுமாரியும் அவர்களோடுதான். கக்கூஸ் ஒல்லாந்தர் கொண்டுவந்ததாம். அவர்கள் வருமுன் நாங்கள் அதை என்ன பெயரால் அழைத்தோம் என்று நான் கேட்க, மீன் பொரிக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று குசினியில் அகப்பை விழுந்தது.

சோபாவும் அறபிதான் என்றாள் மகள். சுஃப்பா என்பதிலிருந்து போன சொல். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மதீனாப் பள்ளியில் வீடு வாசல் இல்லாத ஏழைத் தோழர்கள், நபியின் சஹாபாக்கள், தங்கியிருந்த மேடைக்குப் பெயர் சுஃப்பா. அதை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் சுற்றிச் சுற்றி வந்து கல்முனையில் தளபாடக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பட்டுத் துணியோடு நிற்கும் என்று யார் நினைத்தது.

ஹாஜரா அகப்பையோடு வெளியே வந்தாள். அஞ்சு வருசமாகச் சோபா செட் வாங்கச் சொல்லி அலுத்தவள்.

“இஞ்சருங்க, இப்ப மார்க்கமும் சொல்லிட்டு. இனி என்ன சாட்டு?”

சுஃப்பாவில் இருந்தவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடே ஒழுங்காக இருக்கவில்லை என்றேன். அப்படியென்றால் இன்றைக்கு மீன் வேண்டாம்தானே என்று உள்ளே போய்விட்டாள்.

தெரிஞ்சும் தெரியாமலும்

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சந்தோசம் கூடிய காரணம் வேறு. இன்னும் ஒன்பது நாளில் நானும் ஹாஜராவும் உம்றாவுக்காக மக்கா போக இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் உம்றா, ஹஜ் போகிறவர்கள் அதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லுவார்கள். சொந்தக்காரர், அயலவர், தொழிலில் பழகியவர் எல்லோரிடமும், தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் பிழை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்களும் பொருந்தினோம், எங்களுக்கும் துஆச் செய்யுங்கள் என்பார்கள். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் பொருந்தாமல் அல்லாஹ்விடம் போய் அழுது பலனில்லை என்பது எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்த பாடம்.

நான் ஒரு கொப்பியில் பெயரெழுதி, ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு போனேன். பெரும்பாலும் இரண்டு நிமிட வேலை. முடி வெட்டுகிறவர் மட்டும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“பொருந்திறத்துக்கு முந்திக் கேக்கன். நீங்க என்ன செஞ்சீங்க?”

ஒன்றுமில்லை, சும்மா, வழக்கம்தானே என்றேன். ஒன்றுமில்லாததற்கு ஆர் மன்னிப்புக் கேட்பார் என்று அவர் நாற்பது நிமிடம் விசாரித்தார். அதற்குள் எனக்கு வேண்டாத அளவுக்கு முடியும் வெட்டிவிட்டார்.

கொப்பியில் இருபத்து மூன்றாவது பெயர் நாகமணி அண்ணன். காரைதீவு. சாகாமப் பக்கம் ஹாஜராவுக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயலுக்குப் பக்கத்துக் காணி அவருடையது. அவருக்கு நான் போன் எடுத்தேன். நேரில் போகவில்லை. அதே வசனத்தைச் சொன்னேன். “எனக்கும் உங்களுக்கும் என்ன கோவம் தம்பி? நல்லபடியாப் போயிற்று வாங்க” என்று அவர் வாய் நிறையச் சொன்னார். சரி போட்டேன். போன் எடுத்த கை வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் எடுத்தது, கை எறிந்தது

இப்போது மகளிடம் திரும்புகிறேன். கீரி மீன் ஆறிக்கொண்டிருந்தது. சிபானா மறுபடி நடக்கத் தொடங்கி, இன்னும் ஒரு பந்தியைத் தமிழில் தனக்கே சொல்லிப் பார்த்தாள்.

ஆவரேஜ் இரண்டு வகையாம். புயலே ஒருவனுடைய சரக்கை அடித்துக்கொண்டு போனால் அது அவனுடைய நட்டம். அவன்தான் சுமக்க வேண்டும், யாரும் பங்கு தர வேண்டியதில்லை. மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக மனிதக் கை தெரிந்தே எடுத்து எறிந்தால் அது எல்லோருடைய நட்டம். பங்கு கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

“அப்ப வாப்பா, இதில முதல் கேள்வியே கடல் எடுத்ததா, கை எறிஞ்சதா எண்டுதான். அத மாத்திச் சொல்லிட்டா அவன்ட பங்கு முழுக்கப் போயிரும்.”

 புத்தகம் மடியில் விழுந்துவிட்டது. சிபானா அதை எடுத்து, பக்கத்தைத் தேடி, நித்திரையா வாப்பா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அன்று மீனும் இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை

எட்டு வருடத்துக்கு முந்திய மாரி. மூன்று நாள் விடாத மழை. வெள்ளாமை குடலைப் பருவம், கதிர் இன்னும் வயிற்றுக்குள். அந்த நேரத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றால் பிறகு வைக்கோல்தான் மிஞ்சும்.

எங்கள் வயல் வட்டையில் பதினொரு பேருக்குக் காணி. எல்லாவற்றிலும் பள்ளம் நாகமணி அண்ணனுடையது. அதைத் தாண்டினால் வடிச்சல் வாய்க்கால். அவருடைய மேல் வரம்பு பெரிய வரம்பு. அந்த வரம்பில் தடைபட்டுத்தான் மேலிருந்து வந்த வெள்ளம் எங்கள் பத்துப் பேருடைய காணியிலும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வரம்பை வெட்டினால் தண்ணீர் அவருடைய வயலுக்கு மேலால் ஓடி வடிச்சலில் விழும். நாங்கள் தப்புவோம்.

ஜும்ஆவுக்கு முந்திய நேரம். வரம்பில் நான்கு பேர் நின்றோம். பாலத்தில் தண்ணீர் நின்றதால் நாகமணி அண்ணனுக்கு வர வழியில்லை. அவருக்குப் போன் எடுத்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை. இதுவரை எனக்கு நானே இப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மை என்னவென்றால் ஒரே ஒரு தரம்தான் எடுத்தோம். இரண்டாம் தரம் எடுத்தால் கிடைத்துவிடுமோ என்ற பயம்.

மண்வெட்டி என் கையில் இருந்தது. நான்தான் வெட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. எங்கள் பயிர்களின் தலை ஒவ்வொன்றாக மேலே வந்தது. கீழே அவருடைய வயலில் மணலும் சேறும் போய்ப் படிந்தது. நாங்கள் குளித்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனோம். என்ன ஓதினார்கள் என்று எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வந்து நின்றபோது, வாயைத் திறந்ததும் நான்தான்.

“வெள்ளம் உடைச்சிட்டு அண்ணன்.”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அவர் உடைவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். ஏன் பொய் சொன்னோம் என்று பிறகு எங்களுக்குள் காரணம் கட்டினோம். அந்த நாட்களில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் மனம் சரியில்லை, சோனகர் நாலு பேர் தமிழ் ஆளுடைய வயலை வெட்டினார்கள் என்று கதை போனால் பெரிதாகிவிடும் என்றோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் முதல் காரணம் அதுவல்ல. வெட்டினோம் என்றால் எங்கள் களத்து நெல்லில் அவருக்குப் பங்கு வைக்க வேண்டி வரும். முதல் காரணம் அதுதான்.

நீளமான கேள்வி

மகள் அதைச் சொன்னதற்கு அடுத்த நாள் லுஹர் தொழுகை முடிந்து எங்கள் பள்ளி மௌலவியிடம் போனேன். முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். அவார் என்றால் பழுது, குறை என்பது சரிதான் என்றார். ஒரு கண் பழுதான ஆளுக்கு அறபியில் சொல்லுகிற பெயரும் அந்த வேரிலிருந்துதான் வருகிறதாம். மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டு ஒரு கண்ணை எட்டு வருடம் மூடி வைத்திருந்தவனுக்கு என்ன பெயர் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பிறகு மெதுவாக, ஓர் ஆள் இருக்கிறார், அவர் இன்னோர் ஆளிடம் பொருத்தம் கேட்டார், அந்த ஆளும் தந்துவிட்டார், ஆனால் எதற்குத் தருகிறோம் என்று தந்தவருக்குத் தெரியாது, அப்படியிருக்க, கேட்டவர் பயணத்துக்குப் போவதென்றால், நாளும் குறைவாக இருக்கிறதென்றால் என்று இழுத்துக்கொண்டே போனேன்.

என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற மௌலவி முழுவதையும் கேட்டார்.

“காக்கா, மறுமொழி தெரியாட்டிக் கேள்வி இவ்வளவு நீளத்துக்குப் போகாது.”

காரைதீவில்

ஆட்டோவை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். பத்து நிமிட ஓட்டம். எட்டு வருடம் பிடித்தது.

நாகமணி அண்ணன் முற்றத்தில் விதை நெல் காயவிட்டிருந்தார். வெறுங்காலால் அதைக் கிளறிக்கொண்டு நடந்தார். பயணம்தான் போனில் சொல்லியாயிற்றே, மறுகா என்னத்துக்கு வெயிலுக்குள் வந்தீங்க என்று சிரித்தார். நான் கதிரையில் இருக்கவில்லை. இருந்தால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தால் வேறு கதை வரும். நின்ற இடத்திலேயே சொன்னேன்.

நெல்லுக்குள் அவருடைய கால் நின்றது.

“உடையல்லயா?”

“உடையல்ல அண்ணன். வெட்டினது. நான்தான் வெட்டின.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். களத்து நெல்லைக் கேட்பார் என்று நினைத்தேன். எதற்கும் ஆயத்தமாக வந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய மனைவி பூமணி அக்கா நின்றா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா.

“நல்லாக் கேளுங்க” என்றா புருசனிடம். “என்ட தம்பியப் படலைக்கு வெளியில நிப்பாட்டினீங்களே. இப்ப நல்லாக் கேளுங்க.”

எனக்கு விளங்கவில்லை. பூமணி அக்காதான் சொன்னா. அந்த வரம்பை அந்தப் போகம் உயர்த்திக் கட்டியது அவவுடைய தம்பி தவராசா. திருக்கோவில்காரர், வரம்பு கட்டுவதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். வெள்ளம் உடைத்தது என்று நாங்கள் சொன்னதும், மண்ணை மிதித்து இறுக்காமல் ஏமாற்றிவிட்டான் என்று நாகமணி அண்ணன் முடிவு கட்டிவிட்டார். முகத்துக்கு நேரே கேட்டார். ஊரில் சொன்னார். அதற்குப் பிறகு தவராசாவை வரம்பு வேலைக்கு அழைத்தவர்கள் குறைவு. மச்சானும் மச்சானும் எட்டு வருடமாகக் கதைப்பதில்லை. பூமணி அக்காவின் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை.

நான் நாகமணி அண்ணனுக்கு ஒரு போக வெள்ளாமையை நட்டப்படுத்தினேன் என்றுதான் இவ்வளவு நாளும் கணக்கு வைத்திருந்தேன். தவராசா என்ற ஆளை எனக்குத் தெரியவே தெரியாது.

நாகமணி அண்ணன் கடைசியாக என்னைப் பார்த்தார்.

“போன்ல தந்த பொருத்தம் தந்ததுதான் தம்பி, நான் திருப்பி வாங்கல்ல. ஆனா இது என்னட்ட மட்டும் கேக்கிற விசயமில்ல. ஆட்டோவ எடுங்க. எனக்குச் சொன்னத அப்படியே அவனுக்கும் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

ஒரு சீப்புப் பழம்

காரைதீவிலிருந்து திருக்கோவிலுக்கு நாகமணி அண்ணனோடு புறப்பட்டேன். அக்கரைப்பற்றில் நிறுத்தச் சொன்னார். எட்டு வருடத்துக்குப் பிறகு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கினார். ஏறியபின், கூடிப் போயிற்றோ, பயந்துபோய் வாங்கியது மாதிரித் தெரியுமோ என்றார். கொஞ்ச தூரம் போனதும், ஒரு சீப்பு என்றால் குறைவாக இருக்குமே, அவனுக்குப் பிள்ளைகள் நாலு என்றார். தம்பிலுவிலில் நிறுத்தி இன்னொரு சீப்பு வாங்கினோம். என் மனம் இருந்த இருப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அதோடு கொஞ்சம் இலேசாகிவிட்டது.

தவராசா வீட்டு வாசல் படலையில் வேலி கட்டிக்கொண்டு நின்றார். என்னை விட இளமையான ஆள், முடி மட்டும் நரைத்திருந்தது. மச்சானைக் கண்டதும் கையிலிருந்த கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாகமணி அண்ணன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. நான் இறங்கிப் போய்ச் சொன்னேன். அதே வார்த்தைகள், அதே ஒழுங்கு. இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தை விடக் கஷ்டமாக இருந்தது.

அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

“எவடத்தில வெட்டினீங்க காக்கா?”

வரம்பின் நடுவில், மருத மரத்துக்கு இஞ்சால் என்றேன்.

“லேசா வெட்ட ஏலுமா இருந்ததா?”

இல்லை என்றேன். முதலில் மூலையில்தான் கொத்தினேன். மண்வெட்டி இறங்கவில்லை, கல்லில் பட்டது மாதிரித் திரும்பி வந்தது. அதனால்தான் நடுவுக்குப் போனேன். அங்கேயும் கை கொப்பளித்துவிட்டது. அந்த வரம்பு மூன்று நாள் வெள்ளத்துக்கும் ஒரு பிடி மண் கொடுக்கவில்லை. அது தானாக உடைந்திருந்தால் எங்களுக்கு வெட்ட வேண்டிய தேவையே வந்திராது.

தவராசா கம்பியை வேலியில் கொழுவினார். வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

“கேட்டயா? நிண்டதாம். மூணு நாளும் நிண்டதாம்.”

அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. பிறகு ஆட்டோவுக்குக் கிட்டப் போய், உள்ளே குனிந்து பார்த்தார். நாகமணி அண்ணன் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தார்.

“இறங்குங்க அத்தான். வெயில்.”

தேத்தண்ணி வந்தது. இரண்டு சீப்புப் பழமும் பிள்ளைகளுக்குப் போதாமல் போயிற்று. யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அந்த வரம்பின் அகலத்தைப் பற்றி இரண்டு பேரும் அரை மணித்தியாலம் வாதாடினார்கள். நான் பொருத்தம் கேட்டபோது தவராசா உடனே தரவில்லை.

“காக்கா, என்ட வரம்பு உடைஞ்ச எண்டு எத்தன ஊர்ல கதைச்சாங்க தெரியுமா? நீங்க எத்தன பேருக்குச் சொல்லுவீங்க, வெட்டின எண்டு?”

பத்திரிகையில் கிழமைக்குக் கிழமை எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அப்படியென்றால் அதில் வரட்டும், வந்த அன்றைக்குப் பொருந்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

உம்றாவுக்குப் போய் வந்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் இல்லாத கிழமைகளில் வந்தவை முன்பே எழுதிக் கொடுத்தவை. வந்து எழுதுகிற முதல் அத்தியாயம் இது. கஃபாவைக் கண்டபோது எல்லாப் பிழைக்கும் மன்னிப்புக் கேட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை. இது இன்னும் திருக்கோவிலில் நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வரம்பில் நின்ற மற்ற மூவரிடமும் போனேன். இருவர் வரும் போகத்தில் நாகமணி அண்ணனுக்குக் களத்திலேயே பங்கு வைக்கிறோம் என்று என்னோடு சேர்ந்துவிட்டார்கள். தப்பிய மற்றக் காணிக்காரரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நின்றவர்களில் ஒருவர் மட்டும் வெள்ளம்தான் உடைத்தது என்று இன்னமும் சொல்கிறார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவரும் இந்தப் பத்திரிகை எடுக்கிறவர்.

வாசகர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அக்கரைப்பற்றிலோ, திருக்கோவிலிலோ, காரைதீவிலோ, தேத்தண்ணிக் கடையிலோ வயற்கரையிலோ தவராசா கட்டிய வரம்பு உடைந்தது என்று யாரும் கதைத்தால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த வரம்பு உடையவில்லை. மூன்று நாள் வெள்ளத்துக்கு நின்றது. நான்காவது நாள் மண்வெட்டியால் வெட்டினார்கள், வெட்டியவன் நான். என்னைப் பாவம் என்று குறைக்கவும் வேண்டாம், கெட்டவன் என்று கூட்டவும் வேண்டாம். இருந்தபடியே சொல்லுங்கள்.